உன் அப்பாவின் உயரம்

தம்பி, இதைக் கதிரையில் இருந்து வாசி. ஒரு கையில் கோப்பியும் மற்றக் கையில் போனுமாக, வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வாசிக்காதே. வாட்ஸப்பில் நான் என்ன சொன்னாலும் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலும் கட்டைவிரல், பூனை குட்டி போட்டது என்றாலும் கட்டைவிரல். அதனால்தான் பேனை எடுத்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்துப் பிழை இருக்கும், சிரிப்பதானால் முழுவதும் வாசித்து முடித்துவிட்டுச் சிரி. கலியாண மாப்பிள்ளைக்குத் தாய் எழுதினால் புத்திமதிதானே இருக்கும் என்று நினைப்பாய். அதுவும் இருக்கிறது. ஆனால் முதலில் ஒன்று கேட்க வேண்டும். தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குச் சடங்குக்கு இரண்டு நாள் முன்னம் கனடாவிலிருந்து வந்து இறங்குவதாக டிக்கெட் போட்டிருக்கிறாய். அதை ஒரு கிழமை முன்னுக்கு மாற்று. வந்த கையோடு உன்னை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, பயப்படாதே. அங்கே ஒரு பெட்டிக்குள் ஒரு மனிதருடைய எலும்புகள் இருக்கின்றன. அவர் உன் அப்பாவாக இருக்கலாம்.

இதை உனக்கு இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தது வேண்டுமென்றுதான். எத்தனை தரம் சொல்லி எத்தனை தரம் ஏமாந்தோம்? நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் தெற்கே ஒரு சிறையில் அப்பாவைக் கண்டதாக ஒருவன் வந்து சொன்னான். நீ மூன்று நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நிச்சயமாகத் தெரியாத எதையும் உன் காதில் போடுவதில்லை என்று இருந்தேன். இந்த முறையும் நிச்சயம் இல்லை. ஆனால் நிச்சயம் ஆக்குவதற்கு நீ இல்லாமல் ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகும் வீதியில், நாயுண்ணிப் பற்றை மூடிக் கிடந்த ஒரு காணியில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வீடு கட்ட அத்திவாரம் வெட்டுவித்தார். பெக்கோ மிசின் இரண்டாம் நாள் ஒரு எலும்பைக் கிளப்பிவிட்டது. முதலில் மாட்டு எலும்பு என்றார்களாம். பிறகு மண்டையோடு வந்தது. பொலிஸ் வந்து, நீதவான் வந்து, மஞ்சள் நாடா கட்டி, வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் தும்புத் தடியும் சின்னத் தூரிகையும் வைத்து, குழந்தைக்குப் பவுடர் பூசுகிற மாதிரி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நாடாவுக்கு இந்தப் பக்கம் குடையோடு நின்றோம். காணாமல் போனவர்களின் படம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நெடுந்தீவிலிருந்து மரியக்காவும் வந்தா. அவவை உனக்குத் தெரியும். மகனைத் தேடுகிறவ. நானும் அவவும் ஒரே விசாரணைக் கூடாரங்களில் இருந்து இருந்து, ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, இப்போது உடன்பிறந்தவர்கள் மாதிரி. அவ செபமாலையோடு வருவா, நான் விபூதியோடு போவேன், இரண்டு பேரும் ஒரு பார்சல் சோற்றைப் பிரித்துத் தின்போம். அன்றைக்கு ஒரு ஐஸ்பழக்காரனும் மணியடித்துக்கொண்டு வந்து நின்றான். சனம் கூடினால் வியாபாரம். அவனில் என்ன பிழை? மரியக்கா இரண்டு வாங்கி ஒன்றை என் கையில் தந்தா. தின்றுகொண்டே பார்த்தோம். வெட்கமாக இருந்தது, ஆனால் வெயிலும் இருந்தது.

உன் அப்பாவை நீ காணவில்லை. சண்டை வந்து சனமெல்லாம் மூட்டையும் முடிச்சுமாக எங்கள் தீவை விட்டு ஓடின நாளில் நீ என் வயிற்றுக்குள் ஒரு உதையும் உதைக்காமல் பயந்துபோய்க் கிடந்தாய். அவர் மிசின் திருத்துகிறவர். தண்ணி இறைக்கிற மிசின், வள்ளத்து மிசின் எதுவென்றாலும் காதை வைத்துக் கேட்டு நோயைச் சொல்லுவார். கரையில் ஒரு வள்ளம் கிளம்ப மாட்டேன் என்று நின்றது. அதற்குள் வயதுபோன சனம் இருந்தது. என்னைப் பெரியமாமாவோடு அனுப்பிவிட்டு, "இதைக் கிளப்பி விட்டிட்டு வாறன், நீ நட" என்றார். நடந்தேன். அந்த வள்ளம் கிளம்பி வந்து சேர்ந்தது. கிளப்பிவிட்டவர் வரவில்லை. யார் பிடித்தது, என்ன நடந்தது என்று கேட்டு நான் ஏறாத படி இல்லை. நீயும் என் இடுப்பில் இருந்தபடி ஏறியிருக்கிறாய்.

அன்றையிலிருந்து நான் என்ன சாதி மனுசி என்று ஊருக்கே தெரியாது. பொட்டும் தாலியும் இருக்கிறது, புருசன் இல்லை. கலியாண வீடுகளில் ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிடவும் அவர்களுக்கு ஏலாது, கூப்பிடாமல் விடவும் மனம் வராது. அதனால் அன்பாகக் குசினிக்குள் விட்டு வெங்காயம் உரிக்கச் சொல்லுவார்கள். பெரியமாமாவின் மூன்று பெட்டைகளின் கலியாணத்துக்கும் வெங்காயம் உரித்தது நான்தான். கண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி. சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் தம்பி, களைத்துப்போனேன். கோபம் என்றால் எழும்பி நிற்கலாம். களைப்புக்கு அது ஏலாது.

போன மாதம் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். எலும்பு படித்த ஒரு டொக்டர் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், எங்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணியும் தந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடுப்பெலும்பைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியுமாம். எலும்பின் முனைகள் ஒட்டியிருக்கிற விதத்தில் வயது தெரியுமாம். தொடை எலும்பை அளந்தால் ஆள் எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடலாமாம். பிறகு பல்லுக்கு வந்தாள். உங்கள் கணவருக்கு எந்தப் பல்லுப் போயிருந்தது, எந்தப் பல் முன்னுக்கு நின்றது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கலியாணம் கட்டி ஒரு வருசம்கூட ஆகவில்லை. நான் இருபது வயதுப் பெட்டை. அவர் சிரித்தால் நான் நிலத்தைப் பார்ப்பேன். ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தி, ஒரு பிள்ளையையும் வாங்கிக்கொண்டு, அவருடைய வாய்க்குள் எத்தனை பல் இருந்தது என்று தெரியாமல் முழித்தேன். மரியக்கா தன் மகனின் பல் ஒவ்வொன்றும் விழுந்து முளைத்த கதையையே சொன்னா. தாய்க்குத் தெரியும். பெண்சாதிக்குத் தெரிய நாள் காணவில்லை.

கடைசியாக அந்தப் பிள்ளை சொன்னாள்: "ஆம்பிளை. வயசு முப்பதுக்குக் கிட்ட. உயரம் ஐஞ்சடி மூண்டு, மிஞ்சினால் நாலு."

மரியக்காவின் மகன் பனைபோல நெடுவல். அவ உடனே முகத்தை மூடிக்கொண்டா. "உயரமான பிள்ளையைப் பெத்தது என்ரை பிழை" என்று மெதுவாகச் சொன்னா. டொக்டர் பிள்ளை எழும்பி வந்து அவவின் தோளைப் பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, உங்களுடைய முறைப்பாட்டில் கணவர் ஐந்தடி ஒன்பது என்று இருக்கிறது, ஆனபடியால் இவர் அவர் இல்லை, வரச்சொல்லி அலைக்கழித்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றாள். மரியக்கா கண்ணைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தா. "எழும்பு பிள்ளை. கடைசிப் படகு போயிடும்."

நான் எழும்பவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த பகிடி. கலியாணம் பேசி வந்தபோது உன் அப்பப்பா மாப்பிள்ளையின் உயரம் ஐந்தடி ஒன்பது என்றார். எங்கள் வீட்டிலும் சரி என்று தலையாட்டினார்கள். பெண்ணைவிட மாப்பிள்ளை கட்டை என்றால் ஊர் சிரிக்கும் அல்லவா? நான் ஐந்தடி ஐந்து. மணவறையில் பக்கத்தில் இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை, எழும்பி நின்றபோது அவருடைய தலைப்பாகைக் குஞ்சம் என் காதில் குத்தியது. படம் பிடிக்கிறவர் வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சடங்குக்கு வைத்திருந்த அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருடைய காலுக்குக் கீழே போட்டார். என் கூறைச் சேலையை விரித்து அம்மியை மூடினார்கள். அம்மி மிதித்தவள் நான், ஏறி நின்றவர் அவர். நீ சின்ன வயதிலிருந்து சுவரில் பார்க்கிற அந்தப் படத்தில், அப்பா என்னைவிட நாலு விரல் உயரம். அன்று இரவு அவரே சொல்லிச் சிரித்தார், இனிமேல் சந்தைக்குப் போனாலும் அம்மியைத் தூக்கிக்கொண்டுதான் வரவேணும் போல என்று.

அவர் காணாமல் போனதும் முதல் முறைப்பாட்டை எழுதுவித்தவர் உன் அப்பப்பாதான். உயரம் கேட்டபோது ஐந்தடி ஒன்பது என்றார். மகன் போன துக்கத்திலும் அந்த ஆறு அங்குலத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம் அதையே சொன்னேன். ஒரு இடத்தில் சொன்னதை இன்னொரு இடத்தில் மாற்றிச் சொன்னால், பொய்க்காரி என்று கோப்பை மூடிவிடுவார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் பயம். ஒருத்தி, கணவன் போட்டிருந்தது நீலச் சேர்ட் என்றதைப் பிறகு பச்சை என்று சொல்லி, அரை மணித்தியாலம் குறுக்கு விசாரணை பட்டதை நானே பார்த்தேன். அதனால் நெட்டுருப் பண்ணி வைத்திருந்தோம். சாட்சிக்கு அந்தப் படமும் கையில் இருந்தது. உண்மை உயரம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போக, அந்த ஐந்தடி ஒன்பதுதான் உன் அப்பாவாக நின்றது. நானே சிலநேரம் அவரை நெடுவலாகத்தான் கனவில் காண்பேன்.

ஆனால் தொடை எலும்புக்கு அடியில் யாரும் அம்மி வைக்க ஏலாதே. அந்தக் கதிரையில் இருந்தபோது இரண்டு மனம் எனக்கு. பேசாமல் எழும்பிப் படகுக்குப் போகிற மரியக்காவோடு பஸ் ஏறினால், உன் கலியாணம் ஒரு சலனமும் இல்லாமல் நடக்கும். பொட்டும் இருக்கும், வெங்காயமும் இருக்கும். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. அந்தப் பிள்ளை கோப்பை மூடக் கையை வைத்தாள்.

"டொக்டர் பிள்ளை, அவர் கட்டை" என்றேன். "என்னைவிடக் கட்டை."

அவள் கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, எல்லா இடத்திலையும் ஐஞ்சடி ஒன்பது எண்டுதானே சொல்லியிருக்கிறியள்?"

"ஓம் பிள்ளை. அது கலியாணத்துக்குச் சொன்ன உயரம்."

மரியக்காதான் முதலில் சிரித்தா. அழுத கண்ணோடு சிரித்தா. அந்தப் பிள்ளைக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு அம்மிக் கதையை முழுக்கக் கேட்டாள். நான் எழும்பி நின்று, அவருடைய தலை எனக்கு எந்த இடத்தில் வந்தது என்று கையால் காட்டினேன். அவள் நாடா எடுத்து நிலத்திலிருந்து என் கைவரைக்கும் அளந்தாள். அளந்ததைக் கோப்பில் எழுதினாள். பிறகு மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். ஒரு டிவி வருகிற பெட்டியைவிடப் பெரிதில்லை, தம்பி. மேலே ஒரு இலக்கம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்ற எண்ணம் வந்தது. இந்த முப்பது வருசத்தில் எத்தனை இடம் கிண்டினார்கள். எங்கேயாவது ஒரு கட்டை மனிதரை எடுத்து வைத்து, இந்த உயரத்தில் யாரையும் தேடவில்லையே என்று ஒதுக்கியிருப்பார்களோ? அடுத்த நாளே அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். பழையவற்றையும் திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன் அம்மா என்றாள். உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் கலியாணத்துக்குச் சொன்ன உயரத்தைச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

உயரம் பொருந்துவது மட்டும் போதாது, எங்கள் தீவுகளில் கட்டை மனிதர்களுக்கா பஞ்சம்? இரத்த உறவின் எச்சில் வேண்டும். என்னுடையதை எடுங்கோ என்றேன். பெண்சாதியுடையது துணைக்குத்தான் உதவுமாம், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல ஏலாதாம். இவ்வளவு காலம் காத்திருந்தாலும் நான் இரத்தம் இல்லை. அவர் ஒற்றைப் பிள்ளை, தாய் தகப்பனும் போய்விட்டார்கள். இந்த உலகத்தில் அவருடைய இரத்தம் என்று மிச்சம் இருப்பது உன்னில் ஓடுவது மட்டும்தான். டொக்டருக்கு முன்னால், நீதவானின் கட்டளையோடு எடுக்க வேண்டுமாம், கனடாவிலிருந்து தபாலில் அனுப்ப ஏலாது. தவணை உன் பொன்னுருக்குக்கு நாலு நாள் முன்னம் முடிகிறது. அதற்குள் உறவுக்காரர் யாரும் எச்சில் கொடுக்காவிட்டால் பெட்டி அந்த இலக்கத்தோடு கொழும்புக்குப் போய், பெரிய வரிசையில் கடைசியாக நிற்கும். எனக்கு வரிசைகள் போதும்.

பெரியமாமாவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். "மாப்பிள்ளைப் பெடியனைப் பிரேத அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போறதோ, பிள்ளை? கலியாணம் முடியட்டும். எலும்பு எங்கையும் ஓடாது."

அவரில் எனக்குக் கோபம் இல்லை. நீயும் நானும் தின்ற சோறு அவருடையது. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், ஆனபடியால் செத்த வீட்டுத் துடக்கு ஒன்றும் கலியாணத்துக்குக் குறுக்கே வராது என்று விளக்கினேன். முடிவு பிந்தி வந்தாலும் மனம் முந்தி அறிந்துவிடும் என்றார். கலியாணம் முடிந்த கையோடு நீ பறந்துவிடுவாய், அடுத்த முறை என்பாய், அடுத்த முறை கையில் ஒரு குழந்தை இருக்கும், குழந்தையோடு அங்கே போவதா என்று இவரே கேட்பார். இதை அவரிடமே சொன்னேன். கீழே வைத்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

பிறகு யாரையும் கேட்காமல் பஸ் ஏறி மண்கும்பானுக்குப் போனேன். உன் மாமியாராகப் போகிறவவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தம் முறிந்தாலும் முறியட்டும், ஒளித்துச் செய்ய மாட்டேன் என்றுதான் போனேன். அவ சாமியறைக்குள் போய் விளக்கைத் தூண்டிவிட்டு வந்து, பொன்னுருக்குக்கு முதல் என்றால் போய்விட்டு வந்து தலை முழுகட்டும், அதற்குப் பிறகு தாலிக்குப் பொன் உருக்குவோம் என்றா. குசினி வாசலில் நின்ற உன் பெட்டை அப்போதுதான் வாய் திறந்தாள்.

"மாமி, நானும் கூட வரட்டே?"

கலியாணத்துக்கு முன்னம் மாப்பிள்ளையைக் காண இதுவும் ஒரு வழியோ என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை, வருகிறேன் என்று திரும்பவும் சொன்னாள். நல்ல பிள்ளை, உனக்குக் கூடிப்போன பிள்ளை. இன்னொன்றும் செய்தேன், கோபிக்காதே. உன் சாதகக் குறிப்போடு போன தாளில் ஐந்தடி எட்டு என்று போட்டிருந்தாய் அல்லவா, அது பொய், நாலுதான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு முன்னமே தெரியுமாம். கணக்கு ரீச்சர் அல்லவா, வீடியோவில் உனக்குப் பின்னால் நிற்கிற பிரிட்ஜை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டாளாம்.

புத்திமதி என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருவரையொருவர் வடிவாகப் பார்த்து வையுங்கள். வெட்கப்பட்டு நிலத்தைப் பார்க்காதே, அவளையும் நிலத்தைப் பார்க்க விடாதே. எந்தப் பல் சொத்தை, எந்த முழங்காலில் தழும்பு, சின்ன வயதில் எந்தக் கை முறிந்தது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரும் உங்களிடம் வந்து அதைக் கேட்கிற காலம் வரக்கூடாது என்று நயினாதீவு அம்மாளுக்கு நேர்ந்திருக்கிறேன். ஆனாலும் தெரிந்து வையுங்கள். படம் பிடிக்கும்போது உள்ள உயரத்தில் நில்.

அவர்தான் என்று வந்தால், நீ கொள்ளி வைப்பாய். பொட்டை நானே துடைப்பேன், அதற்கு ஒருவரும் வர வேண்டாம். அவர் இல்லை என்று வந்தால், பெட்டிக்குள் இருக்கிற அந்தக் கட்டை மனிதரை எங்கோ ஒருத்தி தேடிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் யாரோ ஒரு பொய் உயரம் சொல்லியிருப்பார்கள், அவளை நான் தேடிப் பிடிப்பேன். இரண்டில் எது என்றாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் இருந்து இருந்து முதுகு கூனிப்போனது.

வந்து இறங்கு. அந்தப் பிள்ளை குச்சியோடு கிட்ட வரும்போது வாயை நன்றாகத் திற. சின்னனில் மருந்துக்கு நீ பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாய், நான் மூக்கைப் பொத்தித்தான் திறப்பித்தேன். இப்போதும் உன் மூக்கு எனக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது, நினைவிருக்கட்டும். ஒரு பஞ்சுக் குச்சி, கன்னத்துக்குள் ஒரு தடவல், அவ்வளவுதான். உனக்கு நோகாது. நோகிறதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா